இன்னும் மீன் விடவில்லை

உபி தொழிற்பேட்டையில் வெட்டி ஒட்டிய தொட்டி.
மூன்றடி நீளம். கண்ணாடியில்லை, அக்ரிலிக்.
கண்ணாடியென்றால் இருவர் வேண்டும்,
இதை ஒரே ஆள் தூக்கிவிடலாம் என்றார் கடைக்காரர்.
அந்த ஒரே ஆள் நான்.
லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள்
மூலையில் ஒடுங்கி நின்றார்கள்
ஏற்கெனவே உள்ளே ஏதோ நீந்துவதுபோல.

பாதுகாப்புத் தாளை
அவித்த முட்டையின் சவ்வைப் போல உரித்தேன்.
கைமுடியெல்லாம் சிலிர்த்து எழுந்தது.
ஈசூன் பதினோராம் மாடியின் அத்தனை தூசும்
இதற்காகவே காத்திருந்ததுபோல்
பறந்து வந்து ஒட்டிக்கொண்டது.
காகிதத்தால் துடைக்காதே, கீறும்.
பழந்துணியால் துடைக்காதே, கீறும்.
இத்தனை தொட்டாற்சுருங்கியான ஒன்றை
ஏன்தான் வாங்கினோம்?

எங்கள் வீட்டுத் தரை
அடுக்களைப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கிறது.
ஒன்பது வருடம் நடந்த கால்களுக்கு அது தெரியவில்லை,
மட்டம் பார்க்கும் குமிழிக்குத் தெரிந்தது.
மேசைக்கால் ஒன்றின் அடியில்
குணாளனின் காலாவதியான இஸி-லிங்க் அட்டைகள் இரண்டு.

மணலை அலசினேன்.
ஏழாவது வாளியிலும் தேநீர் நிறம்.
பதினைந்தாவதில் கை ஓய்ந்து, போதும் என்று கொட்டிப்
பரப்பும்போது
வளையல் உரசியது.
உள்பக்கம், இடது மூலை,
வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவில் ஒரு பிறை.

யாரிடம் சொல்வது?
அவன் துவாஸில் இரவு வேலை.
அவன் வரும்போது நான் காலணி மாட்டுவேன்,
நான் வரும்போது அவன் தலை சீவுவான்.
குழாய்த் தண்ணீரை ஊற்றி
குளோரமின் முறிக்கும் சொட்டுகளை எண்ணி விட்டேன்.
தண்ணீர் மட்டம் ஏற ஏறப் பிறை மங்கியது.
உள்கீறலைத் தண்ணீர் பூசி மறைத்துவிடுமாம்,
வெளிக்கீறல்தான் கடைசிவரை காட்டிக்கொடுக்கும்.
அப்பாடா என்றிருந்தது.

அதன்பின் காத்திருப்பு.
ஆளில்லாத தண்ணீருக்குத் தினம் ஒரு சிட்டிகை இரை.
சிலை வராத கோயிலில் படையல் வைப்பதுபோல்
அது மிதந்து, யோசித்து, மூழ்கி, அழுகும்.
அழுகினால்தான் நல்லது.
அழுகலைத் தின்னும் கண்காணாக் கூட்டம்
வடிகட்டிப் பஞ்சில் குடியேறவேண்டும்.
அடுத்த வீட்டு இர்ஃபான் வாசற்கம்பியைப் பிடித்தபடி
"இக்கான் மானா?" என்பான் தினமும்.
வரும்டா, வரும்.

குளிர்பெட்டி மேல் ஒரு நோட்டு.
மாலை அளவு என் கையெழுத்தில்,
காலை அளவு அவன் கையெழுத்தில்.
அம்மோனியா கிளிப்பச்சை.
அம்மோனியா கொஞ்சம் வெளுத்த பச்சை.
நைட்ரைட் கத்தரிப்பூ நிறம்.
இன்னும் கத்தரிப்பூ.
இன்னும்.
இந்த வருடம் நாங்கள் இருவரும்
இவ்வளவு பேசியதில்லை.
"பம்பு இருமுகிறது, கவனி."
"கவனித்தேன். பாசி சிக்கியிருந்தது.
ரசம் அடுப்பு மேல்."

ஐந்தாம் வாரம், வியாழக்கிழமை.
நைட்ரைட்: எலுமிச்சை வெளிர்நீலம், என்று எழுதி
எலுமிச்சையை அடித்திருந்தான். தூக்கக் கலக்கம்.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்:
"இடது மூலை. வளையல்தானே?
முதல் நாளே பார்த்தேன்."
அவ்வளவுதான். அடுத்த வரியில் வெப்பநிலை, இருபத்தெட்டு.

பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
பதிலாக என்ன எழுதினாலும் அதிகமாகிவிடும்.
விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன்,
மூலையைத்தான்.

நாங்கள் வாங்காத ஒரு நத்தை
செடியோடு ஒளிந்து வந்திருக்கவேண்டும்,
மிளகளவு,
ரசீது இல்லாத முதல் குடித்தனக்காரர்.
கீறலின் மேலேயே உட்கார்ந்து
அதிலே படிந்த பச்சையை
மென்றுகொண்டிருந்தது.

நோட்டில் எழுதினேன்:
மாலை ஏழு இருபது. நைட்ரைட் அதே.
நத்தை ஒன்று.
நீ வரும்வரை விளக்கை அணைக்கவில்லை.